கதவுக்கு அந்தப் பக்கம் வாணி

குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாணி படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். விசில் சத்தம் மைக்கில் கேட்குமாம். போன வகுப்பில் யாரோ பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குக்கர் கத்தி, மதிப்பெண் போடுகிற மேடம் முகத்தைச் சுளித்தார்களாம். அதனால் சாதத்தைப் பாத்திரத்தில் வைத்து வடித்துவிடுங்க, பருப்பையும் வெளியிலேயே வேகவைத்துவிடுங்க, மிக்ஸி போடாதீங்க, டிவி வேண்டாம், யாராவது மாடிப்படி ஏறி வருவது தெரிந்தால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிடுங்க. ஒவ்வொன்றுக்கும் 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். கோயமுத்தூர்க்காரி, திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நான் நினைத்துக்கொண்டிருப்பது அவள் கதவைச் சாத்திய பிறகு கேட்ட ஒரு சின்னச் சத்தத்தை. அது தாழ்ப்பாள் சத்தமா, அலமாரிச் சத்தமா? மழைக்கு உப்பிப்போன கதவு அது. தாழ்ப்பாளைப் போடவேண்டுமென்றால் தோளால் ஒரு முட்டு முட்டிப் பிடித்துக்கொண்டு மேலே தள்ள வேண்டும், அந்த முட்டு கேட்டதா என்று யோசிக்கிறேன். கேட்டது மாதிரியும் இருக்கிறது. பகலில் அந்தக் கதவைத் தாழிட்ட ஞாபகம் எனக்கு இல்லை, கல்யாணமான புதிதைத் தவிர. அன்றைக்கெல்லாம் உள்ளே இரண்டு பேர் இருந்தோம். இன்றைக்கு அவள் உள்ளே இருக்கிறாள், நான் வெளியே அரிசி கழுவுகிறேன். போய்த் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். தள்ளினால் கதவு கிறீச்சிடும், அத்தனை பேருக்கும் கேட்கும். இன்றைக்கு அவளுக்குக் கடைசி வகுப்பு. எல்லோர் முன்னாலும் பேசிக் காட்டவேண்டிய நாள். அதற்காகவே மிருதுளாவை நேற்றே பொள்ளாச்சியில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தோம். பிள்ளையையே வெளியில் அனுப்பியாகிவிட்டது, அடுத்தது நான்தான் என்று ஒரு நினைப்பு வந்து, அதை நானே சிரித்து ஒதுக்கி, அரிசியில் இரண்டாம் தண்ணீரை ஊற்றுகிறேன்.

குரல் கேட்கிறது. குட் மார்னிங் எவ்ரிஒன் என்கிறது. நான் குழாயை மூடிவிட்டு நிற்கிறேன். இது வாணியின் குரல் இல்லை. வாணியின் குரல் எனக்குத் தெரியும், கேஸ் தீர்ந்துபோச்சுங்க என்று சொல்லும்போது கொஞ்சம் மேலே ஏறும், தண்ணி வந்திருச்சு மோட்டார் போடுங்க என்னும்போது இன்னும் மேலே ஏறும், அவள் அம்மாவோடு போனில் பேசும்போது உடுமலைப்பேட்டைக்கே எட்டும். இந்தக் குரல் கீழே இருக்கிறது. அவசரப்படாமல் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, அந்த இடத்தைக் கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு பேசுகிறது. இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? இந்த வீட்டில் பரண் உட்பட எல்லா இடமும் எனக்குத் தெரியும். என்னிடம் ஒருநாளாவது இந்தக் குரலில் பேசியிருக்கிறாளா என்று தேடிப் பார்க்கிறேன். மிருதுளா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டே, குழந்தை யாரை மாதிரி இருக்குதுங்க என்று கேட்டாளே, அது கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. ஆனால் அது களைப்பு. இது களைப்பு இல்லை. அடுப்பைப் பற்றவைக்கிறேன், தீயைச் சின்னதாக்குகிறேன். தீ எரிகிற சத்தம்கூட இன்றைக்குப் பெரிதாகக் கேட்கிறது. மைக்கில் போய் விழுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு எதற்குப் பயம். விழட்டுமே.

கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அவளுக்குக் காட்டியதே நான்தான். பெண் பார்க்கப் போனபோது என் மாமா அதைத்தான் முதலில் சொன்னார். பரணிதரன் மெக்கானிக்கல் இன்ஜினியர், பம்பு கம்பெனியில் டெஸ்பாட்ச் முழுக்க அவன் கையில்தான், கம்ப்யூட்டரெல்லாம் அத்துபடி என்று. அவள் பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், அந்தக் குனிந்த தலை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிவந்து இதே ஹாலில் வைத்தேன். அவளுக்கு இமெயில் போட்டுக் கொடுத்தேன், மவுஸின் மேல் இருந்த அவள் கையின் மேல் என் கையை வைத்து நகர்த்தினேன். எக்செல்லைத் திறந்ததும், இத்தனை கட்டம் இருக்குதே, எந்தக் கட்டத்துல இருந்துங்க ஆரம்பிக்கணும் என்று கேட்டாள். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றேன், பெரிய தத்துவம் மாதிரி. அவள் நம்பினாள். அப்போது என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். அதற்கப்புறம் அவள் நூல் வியாபாரம் செய்கிற ஒருவரின் ஆபீசில் கணக்கெழுதப் போனாள், நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். எல்லாம் நான்தான். போன வருஷக் கடைசியில் ஒருநாள் போனை நீட்டி, வேலைக்குப் போறவங்களுக்குன்னே ஆன்லைன்ல ஒரு சின்ன கோர்ஸ் இருக்குதுங்க, டேட்டா அனாலிசிஸ், அதை எடுத்துச் சொல்றது எப்படின்னும் சொல்லிக் குடுக்கறாங்க, பாடத்தை நம்ம நேரத்துக்குப் பாத்துக்கலாம், ஞாயித்துக்கிழமை மட்டும் லைவ்வா வகுப்பு என்றாள். சேரு, நல்லதுதானே என்றேன். ஒரு வாரத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்துத்தான் அவ்வளவு நல்லபடியாகச் சொன்னேன்.

ஏனென்றால் நான் விட்டுவிட்டவன். எங்கள் கம்பெனியிலும் எல்லோருக்கும் லாகின் கொடுத்தார்கள், தொழில் திறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று. நேர மேலாண்மை ஒன்று, பேரம் பேசுவது எப்படி என்று ஒன்று, தலைமைப் பண்பு என்று ஒன்று. கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று கையை விரித்து விரித்துப் பேசுவார். நான் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டுக்கொண்டே லாரிக்காரர்களோடு போனில் கத்திக்கொண்டிருப்பேன். நேர மேலாண்மை முடித்ததற்குச் சான்றிதழ் வந்தது, பரணிதரன் என்ற பெயரில் ஓர் எழுத்து குறைந்து. யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் இவளும் அப்படித்தான் செய்வாள் என்று நினைத்ததில் என்ன தப்பு. ஆனால் இவள் நோட்டுப் போட்டு எழுதினாள். பால்காரர் வருவதற்கு முன்னால் எழுந்து, காதில் மாட்டிக்கொண்டு, ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தோசை ஊற்றும்போது உதடு அசையும், சாமி பாட்டு என்று நினைத்தேன், இங்கிலீஷில் பேசிப் பழகியிருக்கிறாள். பிறகு ஒருநாள் நான் மாதாந்திர டெஸ்பாட்ச் ரிப்போர்ட்டோடு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். ஒண்ணு சொல்லட்டுங்களா என்றாள். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸை வாங்கி, ஏதோ இரண்டு இடத்தில் தட்டினாள், ஊர்வாரியாக, மாதவாரியாக எல்லாம் தானாகப் பிரிந்து போய் உட்கார்ந்துகொண்டது. இப்படிப் பண்ணா ஈஸிங்க என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவாகச் சொன்னதுதான். குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிற மாதிரி ஒரு மெது. நான் ம் என்றேன். அவள் போன பிறகு அதை அழித்துவிட்டுப் பழையபடியே என் வழியில் செய்து முடித்தேன், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும்.

சிரிப்புச் சத்தம். உள்ளே சிரிக்கிறாள். வாய்விட்டு, தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு. நான் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நிற்கிறேன். யாரோடு? ஜோயலோடுதான். ஜோயல் அவளுடைய ப்ராஜெக்ட் கூட்டாளி, இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டதில் இவளுக்கு அவன் வாய்த்தான். தூத்துக்குடிப் பையன், பையன் என்ன பையன், தாடியெல்லாம் வைத்திருக்கிறான். ஒருதரம் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனபோது திரையில் பார்த்தேன். பெரிய ஹெட்போன், பின்னால் சுவரில் ஒரு கிதார் தொங்கியது. கிதாரை அங்கே தொங்கவிட்டவன் எதற்காகத் தொங்கவிட்டிருப்பான்? வாசிக்கத் தெரிந்தவன் மூலையில் சாய்த்து வைப்பான். வாணி என்று கூப்பிடுகிறான். அக்காவும் இல்லை, மேடமும் இல்லை. வாணி, அந்த ஸ்லைடை மாத்திட்டேன், பாத்தீங்களா. கோகிலவாணி என்கிற பெயரைப் பாதியாக்கி வாணி என்று கூப்பிட ஆரம்பித்தது நான், அவள் வீட்டில் இன்றைக்கும் கோகிலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயரை இவனுக்கு யார் கொடுத்தது? அவளேதான் கொடுத்திருப்பாள், நேம் போடுகிற இடத்தில் வாணி என்று அடித்திருப்பாள். நெட்டில் அவனைத் தேடிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சான்றிதழ்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, எல்லாவற்றிலும் பெயர் சரியாக இருந்தது. ஒன்றுக்குக் கீழே வாணி 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தாள். அதற்கு அவன் ஒரு கைகூப்பு போட்டிருந்தான். வெறும் கைகூப்பு. அந்தக் கைகூப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிறது. ஓடிப்போய்த் தட்டைத் தூக்கினால் கை சுடுகிறது. சத்தம் போடக்கூடாது என்பதால் தட்டைக் கீழே போடவும் முடியாமல், வாயைத் திறக்கவும் முடியாமல், அதை மெதுவாக மேடை மேல் வைத்துவிட்டு விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம்.

ரவுட்டர் ஹாலில்தான் இருக்கிறது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில். அதன் மேல் பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் விட்டு விட்டு வேகமாக அடிக்கிறது, அவள் பேசப் பேச அது அடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் குரல் கதவுக்கு அடியில் நுழைந்து, இந்த டப்பாவுக்குள் போய், கம்பியில் ஏறி, கம்பத்தைத் தாண்டி, தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருக்கிறது, என் இடுப்பு உயரத்தில், என் கண் முன்னால். எனக்கு மட்டும் கதவில் வடிகட்டினது வருகிறது. சுவிட்சு இங்கேயே இருக்கிறது. தட்டினால் போதும். நான் தட்டப்போவதில்லை, சும்மா பார்க்கிறேன். நெட் போவது புதிதா, வாரத்துக்கு ஒருநாள் போகிறது, கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் ஏரியா முழுக்கப் போய்விட்டது சார் என்பான். யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் நின்று திரும்பி வந்தால்கூடப் போதும், அந்தக் குரல் பாதியில் அறுந்து, திரும்பி வரும்போது பழைய குரலாக வரும், மேலே ஏறி, என்னங்க, என்னங்க நெட்டு போயிருச்சு என்று என்னைத் தேடிக்கொண்டு வரும். நான் போய்ச் சரிசெய்வேன். நான் சரிசெய்து கொடுத்து எத்தனை நாளாயிற்று. என் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. சுட்ட விரல், பிளாஸ்டிக்கின் மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. இதற்காகத்தான் வைத்திருக்கிறேன், குளிர்ச்சிக்காக. விளக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. இவள் ஒருத்தி, பால்காரருக்கு முன்னால் எழுந்த ஒருத்தி, தோசைக் கல்லுக்கு முன்னால் உதடு அசைத்த ஒருத்தி. நான் விரலை எடுக்கிறேன். எடுத்துவிட்டேன், நன்றாக நினைவிருக்கிறது, எடுத்து லுங்கியில் துடைத்தேன். அப்போது தலைக்கு மேல் ஃபேன் மெதுவாயிற்று. பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழைக்கு எங்கள் கணபதி ஏரியா முழுக்கக் கரண்ட் போயிற்று.

கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தாளா இல்லையா என்று அப்போதும் நான் கவனிக்கவில்லை, அவள் கண்களைத்தான் கவனித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் ரவுட்டரைப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் மேலே நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள். மூச்சுவிடுகிற நேரம்கூட இருக்காது, ஆனால் அந்த வரிசையை நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பார்க்கப் போனபோது குனிந்தது மாதிரி இல்லை. கரண்ட்டுங்களா என்றாள். கரண்ட்தான் என்றேன். நான் தொடவில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. தொட்டேனே. அப்படியானால் இவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? ரிப்போர்ட்டை அழித்தது தெரியுமா, அந்தக் கைகூப்பு தெரியுமா, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது தண்ணீருக்காக இல்லை என்பது தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சாதம் வடிக்கச் சொன்னாளா, சட்டை மடித்தாளா, பக்கத்தில் படுத்தாளா? நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஹாலில் டீபாய் மேல் கிடந்திருக்கிறது, அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கியிருக்கிறாள்.

"உங்க போன்ல இருந்து நெட் தர்றீங்களா? என் போனுக்கு வீட்டுக்குள்ள சிக்னலே இருக்காது. இன்னும் பாதி பாக்கி இருக்குதுங்க."

குரல் மேலே ஏறவில்லை. கெஞ்சவும் இல்லை. கேட்டாள், அவ்வளவுதான். என் போனுக்கும் ஹாலில் சிக்னல் நிற்காது, படுக்கையறை ஜன்னல் கம்பியை ஒட்டிப் பிடித்தால்தான் நிற்கும். அதனால் நானும் உள்ளே போனேன். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரமாக, கேமராவில் விழாத இடத்தில், பனியனும் லுங்கியுமாக, ஒரு கையால் போனைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உட்கார்ந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், ஸாரி மேடம், பவர் கட் என்றாள், விட்ட இடத்தில் பிடித்தாள். இந்த அறையில் தினமும் படுத்தெழுகிறவன் நான், ஆனால் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். நான் ஜோயலைத் தேடினேன். கீழ்மூலையில் இருந்தான், அதே கிதார். அவன் இவளைப் பார்க்கவில்லை. கண்கள் வேறெங்கோ கீழே இருந்தன, போனை நோண்டிக்கொண்டிருந்தான், பிறகு கையால் மறைக்கக்கூட இல்லாமல் ஒரு கொட்டாவி விட்டான். இவள் இவ்வளவு அழகாகப் பேசுகிறாள், இவனுக்குக் கொட்டாவி வருகிறதா? கேளுடா. இவளுடைய நூல் ஆபீஸ் விற்பனையையே எடுத்து வரைந்திருந்தாள். ஒரு கோடு ஏறி ஏறிப் போய் ஓர் இடத்தில் பொத்தென்று விழுந்து மறுபடி ஏறியது. அதைக் காட்டி, இந்தப் பள்ளம் வியாபாரம் விழுந்த பள்ளம் இல்லைங்க மேடம், எங்க முதலாளி மகன் வீட்டுக்கு அமெரிக்கா போன பள்ளம், அவர் இல்லாதப்ப யாரும் பில் போடல என்றாள். எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு வந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், தொண்டையிலிருந்து. அப்படியானால் அப்போது கேட்டதும் இதுதான். யாரும் இவளைச் சிரிக்கவைக்கவில்லை, இவள்தான் அத்தனை பேரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். வாணிக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. தாடிக்காரனை வெறுத்தபோதாவது வெறுப்புக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது அது இங்கேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பின்கழுத்தில் வியர்வையோடு உட்கார்ந்திருக்கிறது. நான் இவளைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வார்த்தை முதல்தடவையாக முழுசாக வந்து நிற்கிறது. கையை மாற்றலாம் என்று பார்த்தேன். மாற்றினால் சிக்னல் போய்விடும் போலிருந்தது.

மதிப்பெண் போடுகிற மேடத்தின் பெயர் லலிதாம்பிகை, சென்னையிலிருந்து நடத்துகிறவர்கள். முடிந்ததும் ரொம்பப் பாராட்டினார்கள். பிறகு சாதாரணமாகத் தமிழில், கோர்ஸ் முடிஞ்சுருச்சு, அடுத்து என்ன பண்ணப்போறீங்க வாணி என்று கேட்டார்கள். நான் எதிர்பார்த்தது, வீட்டுக்காரர் ரொம்ப சப்போர்ட்டுங்க மேடம் என்று ஏதாவது வரும் என்று. பெண்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், நானும் ஜன்னலோரம் நின்றுகொண்டு சிரிப்பதா வேண்டாமா என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன். வாணி லேப்டாப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். சென்னையில ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்குதுங்க மேடம், நீங்க அப்ளை பண்ணச் சொன்ன இடம்தான், அடுத்த மாசம் சேரணும் என்றாள். கட்டங்களில் கைதட்டினார்கள், சத்தமில்லாமல், மைக் அணைந்த கைகள். ஜோயல்கூட நிமிர்ந்து பார்த்துத் தட்டினான். வாணி திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது. சென்னை. அடுத்த மாசம். இதை எனக்குச் சொல்லுகிறாள், என்னிடம் சொல்லவில்லை. கையைக் கீழே இறக்கினால் போதும், இந்தக் கைதட்டு உறைந்துபோகும், இவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி படமாக நிற்பார்கள். இறக்கவில்லை. நல்ல மனசால் இறக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், நிஜத்தில் கை என் கையாகவே இல்லை, தோளிலிருந்து விரல்வரைக்கும் மரத்துப்போயிருந்தது. மேடம் வாழ்த்துச் சொன்னார்கள், எல்லோரும் பை சொன்னார்கள், ஒவ்வொரு கட்டமாக அணைந்து கடைசியில் இவள் முகம் மட்டும் திரையில் இருந்தது. அதையும் மூடினாள்.

மழை கொஞ்சம் வலுத்திருந்தது. நான் கையை இறக்கித் தேய்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தேன். எப்ப வந்துச்சு என்றேன். வெள்ளிக்கிழமை மெயில் வந்துச்சுங்க என்றாள். நேற்றுப் பொள்ளாச்சிக்குப் போய்வந்தோமே, பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்துதானே வந்தோம், அப்போது அது இவள் மடியில் இருந்திருக்கிறது, கைப்பைக்குள், போனுக்குள். சொல்லணும்னு ரெண்டு மூணு தரம் வாயெடுத்தேன் என்றாள். உங்க மூஞ்சியப் பாத்துட்டு விட்டுட்டேன். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். போறேன்னு சொல்லிட்டியா? சொல்லிட்டேங்க. போகட்டுங்களா என்று கேட்கவில்லை. போறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். போகட்டுங்களா என்றால் நான் போ என்றிருப்பேன். உண்மையிலேயே போ என்றுதான் சொல்லியிருப்பேன், கொஞ்சநாள் யோசிக்க வைத்துவிட்டு, ஒருநாள் சாயங்காலம் பெரிய மனசோடு சொல்லியிருப்பேன். அதைச் சொல்லுகிற சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். மிருது என்றேன். பரீட்சை முடியற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும், அப்புறம் நீங்க அங்க வர்றீங்களா, இல்ல நான் வாராவாரம் வர்றதான்னு உக்காந்து பேசலாம் என்றாள். சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஹாலில் பார்க்காமல் விட்ட பார்வை அது, இப்போது முழுசாக வந்தது. அதில் கோபம் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பொறாமையா இருக்குதுங்களா?"

மழைச் சத்தம். மேல்மாடியில் யாரோ துணி எடுக்க ஓடுகிறார்கள். இல்லை என்று சொல்வதற்கு எனக்குப் பல வழிகள் தெரியும். சிரிக்கலாம், என்ன பேச்சு இது என்று எழுந்து போகலாம், சாதம் குழைந்திருக்கும் பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போகலாம், நிஜமாகவே குழைந்திருக்கும்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். அதிர்ச்சியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. தெரிந்த ஊரின் பெயரைச் சொன்னால் தலையசைப்போமே, அப்படி.

"எனக்கும் இருந்துச்சுங்க" என்றாள்.

யார் மேல என்றேன்.

"உங்க மேலதான். கல்யாணமான நாள்லருந்து. நீங்க ட்ரெயினிங்னு புனே போவீங்க, எக்ஸிபிஷன்னு ராஜ்கோட் போவீங்க. பேக்க நான்தான் அடுக்குவேன். ஒவ்வொரு சட்டையா மடிச்சு வைக்கறப்பவும் வயிறு எரியும். நீங்க போனதுக்கப்புறம் உக்காந்து அழுவேன்னு நெனச்சுக்காதீங்க, அழுகையெல்லாம் இல்ல. எரியும், அவ்வளவுதான். அப்புறம் வேலையப் பாப்பேன்."

எழுந்து, வாங்க, சாதம் என்ன கதின்னு பாக்கலாம் என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த நீலநிறப் பேக் எனக்கு நினைவிருக்கிறது. ஜிப் ஓரத்தில் ஓர் இடத்தில் பிரிந்து, அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். அடியில் பேன்ட், அதன்மேல் சட்டைகள், காலர் கசங்காமல் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம், ஓரத்தில் சாக்ஸ் சுருட்டிச் செருகியிருக்கும், மேலே துண்டு, துண்டுக்குள் சோப்பு டப்பா. புனே லாட்ஜில் அதைத் திறக்கும்போது வீட்டு வாசனை வரும். எத்தனை தரம் திறந்திருப்பேன். மடித்த கைகள்கூட நினைவுக்கு வருகின்றன, கண்ணாடி வளையல், கட்டைவிரலில் ஒரு கீறல். கட்டிலில் இதே இடத்தில் பேக்கை வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள், நான் பக்கத்தில் ட்ரெயின் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவள் ஏதோ கேட்கிறாள், ஸ்வெட்டர் வைக்கட்டுங்களா என்றோ என்னவோ, நான் பதில் சொல்கிறேன். முகம் எப்படி இருந்தது? கையிலிருந்து மேலே போகிறேன், முழங்கை, தோள், ரவிக்கையின் ஓரம், கழுத்துச் சங்கிலி. அதற்கு மேலே ஒன்றுமில்லை. இன்னொரு பயணத்தை எடுத்துப் பார்க்கிறேன், ராஜ்கோட், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. எல்லாவற்றிலும் சட்டைகள் நன்றாகத் தெரிகின்றன.